தோள் அறுக்கிறதா, இடுப்பில் நழுவுகிறதா? கனத்த சுமைப் பையின் கோளாறை வலியை வைத்தே கண்டுபிடிப்பது

10 கிலோவுக்குக் கீழே எந்தப் பையும் நல்ல பைதான். பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பையில் புளியோதரையையும் தண்ணீரையும் போட்டுக்கொண்டு அழகர்கோயிலிலிருந்து நூபுர கங்கை வரை ஏறி இறங்கிவிடலாம். 15 கிலோவைத் தாண்டிய பிறகுதான் பை தன் புத்தியைக் காட்டும். அப்போது வலிக்கிற இடத்தைக் கவனித்தால் பையில் எந்தப் பாகம் தப்பு என்பது தெரிந்துவிடும். சதுரகிரிக்கு அன்னதானச் சாமான் கொண்டுபோகிறவர்கள், மேகமலைப் பக்கம் கேமரா, பெரிய லென்ஸ், முக்காலி என்று தூக்கிப் போகிறவர்கள், கூடாரமும் சமையல் சாமானுமாக இரண்டு மூன்று நாள் நடப்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன்.

இணையத்தில் ‘அதிக எடை தூக்கும் பை’ என்று தேடினால் வேட்டைப் பைகள்தான் வரிசையாக வந்து நிற்கும். நம் ஊரில் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை குற்றம். அதில் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் சுமை தூக்குவதைப் பற்றி அந்தப் பைகளிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. அமெரிக்காவின் மேற்கு மலைகளில் எல்க் என்ற பெரிய மானை வேட்டையாடுகிறவர்கள், இறைச்சியைப் பங்கு போட்டு முதுகில் சுமந்தே சாலைக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு நடைக்கு 35, 40 கிலோ என்பது அவர்களுக்குச் சாதாரணம். மிஸ்டரி ராஞ்ச், கிஃபாரு, ஸ்டோன் கிளேசியர் போன்ற நிறுவனங்கள் இந்த வேலைக்கென்றே பை செய்கின்றன. பையைவிட, உள்ளே அதைத் தாங்கி நிற்கும் சட்டத்துக்குத்தான் (ஃபிரேம்) அவர்கள் அதிகம் மெனக்கெடுகிறார்கள். நாமோ பை எத்தனை லிட்டர் கொள்ளும் என்று பார்த்து வாங்குகிறோம்.

சுமை எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பையிலிருந்து சட்டத்துக்கு, சட்டத்திலிருந்து இடுப்பு பெல்ட்டுக்கு, பெல்ட்டிலிருந்து இடுப்பெலும்புக்கு, அங்கிருந்து காலுக்கு. முக்கால் பங்கு எடை இப்படித்தான் போக வேண்டும். தோள்வார்கள் பையை முதுகோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளத்தான். சந்தையில் மூட்டை தூக்குகிறவர் சும்மாடு வைத்து எடையை நேராக முதுகெலும்பில் இறக்குகிற மாதிரி, இங்கே இடுப்பெலும்பில் இறக்க வேண்டும். கீழே வருகிற கோளாறு ஒவ்வொன்றும் எடை இந்த வழியை விட்டு விலகியதால் வருவதுதான்.

முதலில் மூன்று வேலை

சோதனைச் சுமை இல்லாமல் எதையும் சோதிக்க முடியாது. கடையில் காகிதம் அடைத்து உப்பலாக வைத்திருக்கும் பை எல்லாருக்கும் பொருந்தும். வீட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஒரு கிலோ, கணக்குப் போடச் சுலபம். அவற்றைத் துண்டு, போர்வையில் சுற்றி, முதலில் 12 கிலோ, பிறகு 18 கிலோ என்று ஏற்றுங்கள். அரிசிச் சிப்பத்தை அப்படியே தூக்கிப் போடாதீர்கள். ஒன்று, இப்போது வருகிற சிப்பம் 26 கிலோ. எடுத்த எடுப்பில் அது அதிகம். இரண்டு, அரிசி சரிந்து பையின் அடியில் போய்க் குவியும். அந்த நிலையில் எந்தப் பையும் மோசமாகத்தான் தெரியும்.

அடுத்தது முதுகின் நீளம். உயரமும் இதுவும் ஒன்றல்ல. ஆறடி ஆளுக்குக் கால் நீளமாக இருந்து முதுகு குட்டையாக இருக்கும். தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஓர் எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும். அதுதான் மேல் புள்ளி. இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில், கட்டைவிரல் பின்பக்கம் வருகிற மாதிரி வையுங்கள். இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவில் முதுகெலும்பின் மேல் இருப்பது கீழ்ப்புள்ளி. வீட்டில் யாரையாவது தையல் டேப்பால் முதுகு வளைவை ஒட்டி அளக்கச் சொல்லுங்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 15 முதல் 22 அங்குலத்துக்குள் வரும். இந்த எண்ணை எழுதி வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

மாட்டுகிற வரிசையும் முக்கியம். எல்லா வாரையும் தளர்த்திவிடுங்கள். முதலில் இடுப்பு பெல்ட்டை மாட்டி இறுக்குங்கள். பிறகு தோள்வார், அதன்பின் தோளுக்கு மேலே பையின் தலைப்பக்கம் போகிற சின்ன வார், கடைசியாக மார்பு வார். பாதிப் பேருக்குக் கோளாறு இதிலேயே தீர்ந்துவிடுகிறது. தோள்வாரை முதலில் இறுக்கிவிட்டு, அந்தரத்தில் தொங்குகிற பெல்ட்டைப் பேருக்கு மாட்டுவதுதான் எல்லாரும் செய்வது.

தோளின் மேல்பக்கம் அறுக்கிறது, கழுத்து இறுகிப் போகிறது

மிகச் சாதாரணமான புகார் இது. உடனே எல்லாரும் செய்வது தோள்வாருக்கு இன்னும் கொஞ்சம் ஸ்பாஞ்ச் வைத்துத் தைப்பது. அது நோய் ஓரிடம், மருந்து வேறிடம். எடை இடுப்புக்குப் போகவில்லை என்பதுதான் நோய்.

ஒரு சோதனை. சுமையோடு நின்று, இடுப்பு பெல்ட் இறுக்கமாக இருக்கும்போது தோள்வார் இரண்டையும் நன்றாகத் தளர்த்திவிடுங்கள். பை பின்னால் சாயும், அது பரவாயில்லை. கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். பெல்ட் அப்படியே எடையைத் தாங்கி நின்றால் சட்டமும் பெல்ட்டும் நல்லவை; தோள்வாரை அளவுக்கு மீறி இறுக்கியதுதான் வலிக்குக் காரணம். பை பொத்தென்று கீழே இறங்கினாலோ, முதுகுப்பக்கம் நடுவில் மடங்கி உட்கார்ந்தாலோ, அந்தப் பையில் சட்டமே இல்லை, அல்லது இருந்தும் பிரயோசனமில்லை. பல பைகளில் முதுகுப்பக்கம் வெறும் பிளாஸ்டிக் தகடு ஒன்றுதான் இருக்கும். 12 கிலோவரை அது தாக்குப்பிடிக்கும். அதற்கு மேல் அலுமினியப் பட்டைகளோ குழாய்ச் சட்டமோ வேண்டும். பையின் தலையையும் அடியையும் பிடித்து உங்கள் பக்கம் மடக்கிப் பாருங்கள். கையால் சுலபமாக மடங்குகிற பை, 18 கிலோ சுமையிலும் மடங்கும்.

சட்டம் நன்றாக இருந்தும் தோள் வலிக்கிறது என்றால் நீளம் பொருந்தவில்லை. பக்கவாட்டில் நின்று செல்போனில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். தோளின் உச்சியிலிருந்து பையின் தலைக்குப் போகும் சின்ன வாரைப் பாருங்கள். லோடு லிஃப்டர் என்று கடையில் சொல்வார்கள். அது மேல்நோக்கி 30 முதல் 45 டிகிரி சாய்வில் ஏற வேண்டும். படுத்துக் கிடந்தாலோ கீழ்நோக்கிப் போனாலோ சட்டம் உங்களுக்குக் குட்டை. அந்த வாரை எவ்வளவு இழுத்தாலும் அது தோளை இன்னும் அமுக்குமே ஒழிய எடையைத் தூக்காது. வேட்டைப் பைகளின் சட்டம் 24, 26 அங்குல உயரத்தில் தோளுக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பது இதற்காகத்தான். முதுகு நீளம் 20 அங்குலத்தைத் தாண்டியவர்கள் உயரமான சட்டத்தையே பார்க்கட்டும்.

தோள்வார் தோளைச் சுற்றி வந்து, உச்சியிலிருந்து ஓரிரு அங்குலம் கீழே, முதுகில் போய்ச் சேர வேண்டும். தோளுக்கும் வாருக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி தெரிந்தால், தோள்வார் சேர்ந்திருக்கும் பின்பலகையை ஒரு படி இறக்குங்கள். முதுகில் வெகுகீழே போய்ச் சேர்ந்தால் ஒரு படி ஏற்றுங்கள். நல்ல பைகளில் இதற்கு வெல்க்ரோவோ ஏணி மாதிரித் துளைகளோ இருக்கும். ஏற்றி இறக்கும் வசதியே இல்லாத பையில் உங்கள் அளவு அமைந்தால் அது அதிர்ஷ்டம்.

மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு கடையில் கேட்ட பேச்சு இது.

“இது 80 லிட்டர்ணே. எம்புட்டு வேணும்னாலும் அடைக்கலாம்.”

“அடைக்கிறது இருக்கட்டும் தம்பி. பெல்ட்டு எனக்கு எங்கிட்டு வருது, பாத்துச் சொல்லு.”

“வயித்துக்குத்தாண்ணே வருது.”

“அப்பச் சின்னச் சட்டம். பெருசு இருந்தா எடு.”

அந்தப் பெரியவர் லிட்டரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாங்கத் தெரிந்தவர்.

பெல்ட் இடுப்பில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருக்கிறது

நூறு அடிக்கு ஒருமுறை பையை எக்கி மேலே தள்ளிவிட்டுக்கொண்டே நடக்கிறவர்களை ஏற்றத்தில் பார்க்கலாம். முதலில் பெல்ட் இருக்கும் இடத்தைப் பாருங்கள். பெல்ட்டின் நடுக்கோடு இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் உட்கார வேண்டும். பாதி எலும்புக்கு மேலே, பாதி கீழே. பேன்ட் போடும் இடத்தில் பெல்ட்டை மாட்டினால் அது ஏற்கெனவே கீழேதான் இருக்கிறது. அங்கிருந்து இன்னும் இறங்கும்.

அடுத்து, பெல்ட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நம் ஊர் விஷயம் இது, வெளிநாட்டுக் குறிப்புகளில் இருக்காது. வேட்டியின் செருகல் பெல்ட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் நடக்க நடக்க அவிழ்ந்து, அதோடு பெல்ட்டும் இறங்கும். மாலை போட்டு வேட்டியில்தான் ஏற வேண்டும் என்பவர்கள் உள்ளே அரைக்கால் சட்டை போட்டு, செருகலை பெல்ட்டுக்கு மேலே வருகிற மாதிரி ஏற்றிக் கட்டலாம். அரைஞாண் கயிறு பெல்ட்டுக்கும் எலும்புக்கும் நடுவில் சிக்கினால் இறங்கும்போது தோல் உரிந்திருக்கும். கயிற்றை பெல்ட்டுக்கு மேலே ஏற்றி விட்டுக்கொள்ளுங்கள். பேன்ட் பெல்ட்டின் உலோகக் கொக்கி, பேன்ட் பாக்கெட்டில் இருக்கும் சாவிக்கொத்து, பர்ஸ் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். சேலையின் கொசுவம் பெல்ட்டின் பக்கிளுக்கு அடியில் தடிமனாக நிற்கும். பெல்ட் எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. சுடிதாரில் நாடா முடிச்சைப் பக்கவாட்டுக்குத் தள்ளினால் போதும்.

தொப்பை உள்ளவர்கள் ஒன்று செய்ய வேண்டும். பெல்ட் பின்னால் எலும்பின் மேல் இருந்தாலும் முன்னால் வயிற்றுக்குக் கீழே இறங்கி வர வேண்டும். வயிற்றின் மேலேயே இறுக்கினால் மூச்சு முட்டும், பெல்ட்டும் உருண்டுகொண்டே இருக்கும். சில பெல்ட்டுகளில் மேல்விளிம்புக்கு ஒரு வார், கீழ்விளிம்புக்கு ஒரு வார் என்று தனித்தனியாக இறுக்கலாம். இடுப்பு குறுகியவர்களுக்கும் தொப்பை உள்ளவர்களுக்கும் அது பெரிய உதவி. பெண்களுக்கென்று செய்யும் பைகளில் பெல்ட் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும், முதுகு குட்டையாக இருக்கும், தோள்வார் எஸ் வடிவில் வளைந்து மார்பைச் சுற்றிப் போகும். நிறத்தை மட்டும் மாற்றிவிட்டுப் பெண்கள் பை என்று விற்பதும் உண்டு. அளந்து பார்த்து வாங்குங்கள்.

பெல்ட்டை முழுக்க இறுக்கிய பிறகு முன்னால் இரண்டு பஞ்சுப் பட்டைகளுக்கும் நடுவே மூன்று நான்கு அங்குல இடைவெளி இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று முட்டிவிட்டால் பெல்ட் உங்களுக்குப் பெரியது; இனி இறுக்க இடமில்லை. இடைவெளி ஒரு சாண் இருந்தால் சின்னது. இடுப்பெலும்பின் முன்முனை வெறும் நாடாவில் மாட்டி வலிக்கும்.

இடுப்பெலும்பு கன்றிப்போகிறது, தொடை மரத்துப்போகிறது

கன்றிப்போவது பெரும்பாலும் ஸ்பாஞ்ச் கோளாறு. கட்டைவிரலால் பெல்ட்டை அழுத்திப் பாருங்கள். விரல் அடிவரை போய்த் துணியைத் தொட்டால் அது மெத்தை ஸ்பாஞ்ச்; 18 கிலோவில் அப்பளமாகிவிடும். எதிர்த்து நிற்கிற, கெட்டியான ஃபோம்தான் வேண்டும். கடையில் கெட்டியான பெல்ட் முரடாகத் தெரியும், மெத்தை பெல்ட் சுகமாகத் தெரியும். ஒரு மணி நேரம் ஏறின பிறகு இரண்டும் இடம் மாறிவிடும். பெல்ட்டின் உள்பக்கத் தையல் மடிப்பு எலும்பின் முனைமேல் நேராக விழுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

தொடையின் வெளிப்பக்கம் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தாலோ எரிந்தாலோ அது வேறு. இடுப்பெலும்பின் முன்முனைக்கு அருகே தொடைத் தோலுக்குப் போகிற நரம்பு ஒன்று இறங்குகிறது. பெல்ட் அதை நெரிக்கிறது. பெல்ட்டை ஒரு விரல் தளர்த்தி, சற்றே மேலே ஏற்றி மாட்டுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். இறக்கி வைத்து நாளாகியும் மரத்தே இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கை விரல்கள் மரத்துப்போகின்றன

இதைப் பையின் கோளாறு என்று மட்டும் நினைத்துத் தள்ளிப் போடாதீர்கள். கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கொத்து தோளின் முன்பக்கம் இருக்கும் கழுத்தெலும்புக்கு அடியில், அக்குள் வழியாகப் போகிறது. கனத்த பையின் தோள்வார் அதை மணிக்கணக்கில் அமுக்கினால் முதலில் விரல் மரக்கும், பிறகு கை கனக்கும், முற்றினால் கையைத் தூக்கவே முடியாது. பாரம் சுமந்து நெடுந்தூரம் நடக்கும் ராணுவ வீரர்களிடம் மருத்துவர்கள் அறிந்த சிக்கல் இது. சட்டமும் இடுப்பு பெல்ட்டும் இல்லாத பைகளில் வர வாய்ப்பு அதிகம்.

மரத்த உடனே பையை இறக்குங்கள். கைக்கு உணர்வு முழுதாகத் திரும்பிய பிறகு, பெல்ட்டில் எடையை ஏற்றி, மார்பு வாரைக் கழுத்தெலும்புக்கு ஓர் அங்குலம் கீழே வைத்து, தோள்வார் அக்குளுக்குள் வெட்டாமல் உள்பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள். மீண்டும் மரத்தால் சாமானைப் பங்கு பிரித்துக் கூட வருகிறவர்களிடம் கொடுங்கள். கையில் வலுக்குறைவு அடுத்த நாளும் இருந்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். மதுரைப் பெரியாஸ்பத்திரியிலேயே அந்தப் பிரிவு இருக்கிறது. எண்ணெய் தேய்த்து நீவிவிட்டால் போய்விடும் என்று காத்திருக்கிற வேலை வேண்டாம்.

பை பின்னுக்கு இழுக்கிறது, கூனிக்கொண்டே நடக்க வேண்டியிருக்கிறது

குற்றம் பையிலும் இருக்கலாம், அடுக்கியதிலும் இருக்கலாம். அடுக்கியதை முதலில் பார்ப்போம், அதற்குச் செலவில்லை.

மிகக் கனமான பொருள் முதுகெலும்பை ஒட்டி, இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவே வர வேண்டும். படுக்கை, மாற்றுத்துணி போன்ற லேசானவை அடியில். இடைப்பட்டவை வெளிப்பக்கம். பருப்பு, சர்க்கரை, எண்ணெய் டின் இவற்றை எல்லாரும் முதலில் எடுத்து அடியில் போடுவார்கள். மேலே பாத்திரத்தை வைப்பார்கள். அதை அப்படியே தலைகீழாக்குங்கள். எடை நடுவில் நிற்கத் துணியை ஆப்பு மாதிரி சுற்றிலும் செருகுங்கள். வழுக்குப்பாறை மாதிரி கையூன்றி ஏற வேண்டிய இடங்கள் நிறைய இருந்தால் மட்டும் கனத்தைச் சற்றுக் கீழே இறக்கலாம். எடை மேலே இருந்தால் குனியும்போது தலைக்கு மேல் வந்து தள்ளும். 5 லிட்டர் தண்ணீர்க் கேனைப் பையின் வெளியே கட்டித் தொங்கவிடுவது ஆகவே ஆகாது. முதுகிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கும் 5 கிலோ, முதுகை ஒட்டி இருக்கும் 5 கிலோவைவிடப் பல மடங்கு படுத்தும்.

வேட்டைப் பைகளின் கெட்டிக்காரத்தனம் இங்கேதான். சட்டத்திலிருந்து பையைக் கொஞ்சம் கழற்றிப் பின்னே தள்ளினால் சட்டத்துக்கும் பைக்கும் நடுவே ஓர் இடம் திறக்கும். இறைச்சியை அங்கே வைத்து, பையையே மேலே போர்த்தி வார்களால் இறுக்கிவிடுவார்கள். உள்ளதிலேயே கனமான சுமை முதுகை ஒட்டி நின்றுவிடுகிறது. இறைச்சி ரத்தம் மற்ற சாமானிலும் படுவதில்லை. அந்த இடத்தில் நாம் அரிசி மூட்டையையோ, கேமராப் பெட்டியையோ, சின்ன ஜெனரேட்டரையோ வைக்கலாம். கோயில் விழாவுக்குப் பாத்திரம், மைக்செட் என்று பைக்குள் அடங்காத சாமான் ஏற்றுகிறவர்களுக்கு இந்த அமைப்பு இருக்கிற பையையே சொல்வேன். விலை அதிகம், வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியும் சேரும். ஆனால் அலுமினியச் சட்டம் மட்டும் தனியாக வாங்கி, அதில் மூட்டையைக் கயிற்றால் கட்டிக்கொள்வதும் இதே வேலையைச் செய்யும்.

இனி பையின் குற்றம். முதுகுக்கும் பைக்கும் நடுவே வலை இழுத்துக் கட்டி, காற்றோட்டம் என்று விற்கிறார்களே, அந்தப் பைகளில் சுமை முதுகிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் தள்ளியே நிற்கும். மதுரை வெயிலில் கடைக்குள் நுழைந்தவர் கண்ணுக்கு அது சொர்க்கமாகத் தெரியும். 10, 12 கிலோவுக்கு நல்லதுதான். 20 கிலோவுக்கு வேண்டாம். முதுகு வேர்க்கத்தான் செய்யும். வேர்த்த முதுகோடு நிமிர்ந்து நடப்பது, காய்ந்த முதுகோடு கூனி நடப்பதைவிட மேல். வேர்க்குருவும் உரசலும் வந்தால் பருத்தி பனியனை விட்டுவிட்டுச் சீக்கிரம் காயும் சட்டை போடுங்கள். பையில் உப்புப் பூத்துக் கிடந்தால் அது தோலை ராவும். சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைத்து நிழலில் காயப்போடுங்கள், வாஷிங் மெஷின் வேண்டாம்.

கீழ்முதுகில் ஒரே இடத்தில் குத்துகிறது

உங்கள் முதுகு வளைவும் சட்டத்தின் வளைவும் ஒத்துப்போகவில்லை. பையைத் திறந்து முதுகுப்பக்கத்தில் கைவிட்டால் அலுமினியப் பட்டைகள் செருகிய உறை தென்படும். உருவி எடுத்து, சுவரோரம் நிமிர்ந்து நின்று, ஒருவரை உங்கள் முதுகில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இடைவெளி தெரிகிற இடத்தில் முழங்காலில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வளைக்க வேண்டும். ஒரே இடத்தில் மடக்கினால் அலுமினியம் ஒடியும், திருப்பித் திருப்பி வளைத்தாலும் ஒடியும். கார்பன் பட்டையாக இருந்தால் கையே வைக்காதீர்கள், அது வளையாது. குத்துகிற இடம் பெல்ட்டின் பின்பக்க மெத்தையாக இருந்தால் பல பைகளில் அதைக் கழற்றி மெல்லியதாக மாற்றிக்கொள்ளலாம்.

நடக்கும்போது கிரீச் கிரீச் என்று சத்தம் வந்தால் பட்டையின் முனை உறையில் உரசுகிறது. துளி மெழுகு தேய்த்தால் அடங்கும். பை இடவலமாக ஆடினால் பக்கவாட்டு வார்களை இறுக்குங்கள். பாதி காலியான பை எப்போதும் ஆடும்.

எல்லாம் சரி, ஆனாலும் முடியவில்லை

அப்போது எடைதான் அதிகம். நடைக்குப் பழகாதவர் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 65 கிலோ ஆளுக்கு அது 13 கிலோ. வேட்டைக்காரர்கள் 40 கிலோ தூக்குவது ஆண்டெல்லாம் பயிற்சி செய்து, குறுந்தூரத்துக்கு. இறக்கத்தில் முழங்கால் கடுத்தால் பையை மாற்றுவதைவிட ஊன்றுகோல் வாங்குவது முதல் வேலை.

தூக்கி மாட்டும்போதே முதுகு பிடித்துக்கொள்கிறவர்களும் உண்டு. தரையிலிருந்து வீசி ஒரு தோளில் மாட்டக் கூடாது. முதலில் தொடைக்கு ஏற்றி, அங்கிருந்து ஒரு கையை நுழைத்துத் திரும்ப வேண்டும். இடுப்பு உயரத்தில் ஒரு பாறையோ திண்ணையோ கிடைத்தால் இன்னும் நல்லது. அந்தக் காலத்துச் சாலையோரச் சுமைதாங்கிக் கற்களை நெஞ்சுயரத்துக்கு நட்டு வைத்ததே, இன்னொருவர் கைகொடுக்காமல் தலைச்சுமையை இறக்கி ஏற்றத்தான். வழியில் ஓய்வுக்கும் தரையில் உட்காராமல் அப்படிப்பட்ட இடமாகப் பார்த்துப் பையைச் சாய்த்து நில்லுங்கள்.

இன்னொன்று: ஒருநாள் நடைக்குக் கனத்த பை வேண்டவே வேண்டாம். வனத்துறை 2024-இல் தொடங்கிய ‘டிரெக் தமிழ்நாடு’ பாதைகளில் பதிவுசெய்து போகிறவர்கள் பலர் 60 லிட்டர் பையோடு வந்து நிற்கிறார்கள். 25, 30 லிட்டர் தாராளம். பெரிய பையில் காலியிடம் இருந்தால் கை சும்மா இருக்காது, எதையாவது போடும்.

புதிதாகவே வாங்குவது என்றால்

சட்டத்தின் நீளம், பெல்ட்டின் அளவு, ஃபோமின் கெட்டித்தன்மை. இந்த மூன்றும் தேறிய பிறகு மற்றதைப் பாருங்கள். துணியின் நூல் தடிமனை டினியர் என்ற அளவில் சொல்வார்கள். 500 டினியர் கார்டூரா என்ற கெட்டி நைலான் துணி நம் பாறைக்கும் முள்ளுக்கும் தாங்கும். 1000 டினியர் இன்னும் முரடு, ஆனால் பையே கனக்கும். 210 டினியர் பாறையில் இரண்டு முறை உரசினால் பல்லிளிக்கும். முன்பக்கம் முழு ஜிப் திறக்கும் பையாக இருந்தால் சதுரகிரிக்கு ஏறும் தாணிப்பாறை அடிவாரத்தில் பிளாஸ்டிக், தீப்பற்றும் பொருள் என்று சோதிக்கும்போது எல்லாவற்றையும் கொட்டிக் காட்ட வேண்டியதில்லை. வேட்டைப் பைகளில் வருகிற இலைதழை நிறம் வேண்டாம். காட்டு வாசலில் தேவையில்லாத கேள்விகள் வரும். வெளிப்பக்க வலைப் பாக்கெட் இருப்பது நல்லது, அதில் வாழைப்பழம் வைப்பது ஆகாது; அழகர்மலைக் குரங்குகள் நடக்க நடக்கவே எடுத்துவிடும்.

வாங்கியதும் நேராகப் பெருமலைக்குப் போகாமல் கீழக்குயில்குடி சமணர் மலைப் படிகளில் சோதனைச் சுமையோடு ஏறி இறங்கிப் பாருங்கள். காலை நேரத்தில் ஒரு மணி நேரம் போதும். பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, துணியில் அழுக்கு படாமல் சோதித்தால் மாற்றிக் கேட்கவும் வாய் இருக்கும்.

வார் தானாக இறங்குகிறது, பக்கிள் உடைகிறது, தையல் விடுகிறது

இறுக்கிய வார் பத்து நிமிடத்தில் தளர்ந்தால், பக்கிளில் வார் நுழைந்திருக்கும் விதத்தை முதலில் பாருங்கள். தலைகீழாகக் கோத்திருந்தால் நிற்காது. சரியாகக் கோத்தும் இறங்கினால் வார் வழவழப்பான மலிவு நைலான், பக்கிளின் பல் தேய்ந்தது, இரண்டில் ஒன்று. இறுக்கிய பிறகு மீதி வாரைப் பக்கிளுக்கு அருகே ஒரு சுருக்கு முடிச்சுப் போட்டால் அன்றைய பொழுது ஓடும்.

தோள்வார் பையோடு சேருமிடம்தான் முதலில் கிழியும். மாதம் ஒருமுறை விரலால் நெருடிப் பாருங்கள். நூல் இரண்டு மூன்று விட்டிருந்தால் அப்போதே பை ரிப்பேர் கடையில் கொடுத்து, சதுரம் போட்டு நடுவில் குறுக்காக ஓட்டச் சொல்லுங்கள். பருத்தி நூல் வேண்டாம், பாலியெஸ்டரோ நைலானோ கேளுங்கள். செருப்புத் தைக்கிறவரின் மெழுகு நூலும் நன்றாகவே நிற்கும். ஜிப் வாய் திறந்துகொண்டால் முழு ஜிப்பை மாற்றாமல் ரன்னரை மட்டும் மாற்றிப் பாருங்கள், சில்லறைக் காசுதான்.

கையோடு கொண்டுபோக வேண்டியது இடுப்பு பெல்ட்டுக்கான பக்கிள் ஒன்று. மார்பு வாரின் பக்கிளை அங்கே மாட்ட முடியாது, அகலம் வேறு. பெல்ட் வாரை ஸ்கேல் வைத்து அளந்து, 38 மில்லிமீட்டரா 50 மில்லிமீட்டரா என்று பார்த்து வாங்குங்கள். தையலைப் பிரிக்காமல் நடுவில் உள்ள பிளவு வழியாக வாரை நுழைத்து மாட்டுகிற வகையும் கிடைக்கிறது. மலையில் ஊசி நூலைத் தேட வேண்டியதில்லை.